சொதிக்கு உப்புப் பார்த்த கிடார்

ஒங்க வீட்டுல குழம்புக்கு உப்புப் பாக்கணும்னா எதுல வச்சுப் பாப்பிய? நாக்குலதான? ஒலகமே நாக்குலதான் வச்சுப் பாக்குது. எங்க வீட்டுக்காரவுக மட்டும் கிடாருல மாட்டிப் பாக்காவ.

சிரிக்கியளே! சிரிங்க, சிரிங்க. எங்க தெருவே சிரிக்குது, நீங்க ஒரு ஆளு கூடச் சிரிச்சா என்ன குறைஞ்சா போவும். அந்தப் புளியோதரைய ஆறவிடாதிய, சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. எனக்கு வேண்டாம்மா, வயிறு நிறைய ஆத்திரம் கெடக்கு. இந்த பஸ்சு மதுரை போறதுக்குள்ள யாருகிட்டயாவது கொட்டலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

எம் பேரு வடிவு. பாளையங்கோட்டை. மதுரைல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். எத்தன நாளைக்குன்னு கேக்காதிய, கோவிச்சுக்கிட்டுப் போறவ நாள் பாத்துக்கிட்டா போவா? எங்க வீட்டுக்காரவுக பேரு சிவசைலம். புருசன் பேரச் சொல்லாதவதான் நானு. இன்னைக்குச் சொல்லுதேன், நாலு பேருக்குக் கேக்கச் சொல்லுதேன், சிவசைலம்! அத்தை மவன் வேற. வேத்தாளுன்னா சும்மா விட்டிருப்பனா?

ரேடியோ, மைக் செட்டு, ஆம்ப்ளிஃபயரு ரிப்பேர் பாக்க கடை வச்சிருக்காவ. வயசுக்காலத்துல மெல்லிசைக் குழுவுல கிடாரு வாசிச்சாவ. நல்லாவே வாசிப்பாவ, அதைக் குறை சொல்ல மாட்டேன். இப்பத்தான், ஒரு ரெண்டு வருசமா, இந்தக் கோட்டி பிடிச்சிருக்கு. பெடலாம். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு பெட்டி. காலால ஒரு மிதி மிதிச்சா, அதுவரைக்கும் நல்லாப் பாடிக்கிட்டு இருந்த கிடாரு தொண்டையில மீன்முள்ளு சிக்குன மாதிரிக் கத்தும். ஊருல மனுசன் கெட்ட சத்தத்தச் சரிபண்ணுவான். இவுக நல்ல சத்தத்தக் கெடுப்பாவ. அதுக்கு ராப்பகலா ஒரு உழைப்பு, பாத்துக்கிடுங்க.

முதல்ல ஒண்ணு செஞ்சாவ, அரிசி போடாம கிரைண்டர ஓட்டுன மாதிரி ஒரு சத்தம். பொறவு வாசல் ஸ்கிரீன் துணியில இருக்க சுருள்கம்பியக் கழட்டிட்டுப் போயி ஒண்ணு. ஸ்கிரீன் மூணு நாளாக் கீழ கெடக்கு, வீட்டுக்குள்ள இருக்கது தெருவுக்குத் தெரியுது, அவுக அந்தக் கம்பியச் சுண்டிச் சுண்டி, ‘கோயில் மண்டபத்துல நிக்க மாதிரி இல்ல?’ன்னு கேக்காவ. அடுத்தது வெளிச்சம் பட்டா ஆடுத சத்தம். அதைக் கொண்டு போயி எங்க வச்சாவ? பூசை ரூம்புல, குத்துவிளக்குக்கு நேரா! வெள்ளிக்கிழம நான் விளக்கேத்துனா இங்க சுடரு ஆடும், அங்க ஹால்ல கிடாரு ‘ஊய்ங், ஊய்ங்’னு அழுவும். சாமி கும்பிடவா, காதப் பொத்தவா?

எங்களுக்கு ஒரே மக, யாழினி. அவ கேட்டா, ‘அப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டுனா இந்தச் சத்தம் அம்புட்டும் வருமேப்பா’ன்னு. ‘அதுல வாரது கணக்கு, இதுல வாரது கரண்டு’ன்னாவ. இதுக்கு மேல அந்த மனுசன்கிட்ட என்ன பேச?

சரி, பெட்டி செஞ்சா செஞ்சுட்டுப் போறாவ. என் வயித்தெரிச்சல் அது இல்ல.

இந்த மனுசன் நாக்கு இருக்கு பாருங்க, அது லேசுப்பட்ட நாக்கு இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு வாய் ரசம் குடிச்சுட்டு ‘மிளகு நேத்து இடிச்சதா?’ம்பாவ. நேத்து இடிச்சதுதான். ‘பெருங்காயம் கடை மாத்திட்டியோ?’ம்பாவ. மாத்தித்தான் இருப்பேன். இருவது வருசத்துக்கு மேல அந்த நாக்குக்குப் பயந்து பயந்து ஆக்குனேன். திட்டிக்கிட்டேதான் ஆக்குனேன், ஆனா கையளவு தப்பாது, பாத்துக்கிடுங்க, எதிர்ல அப்பிடி ஒரு ஆளு உக்காந்திருக்கான்னா. பொறவு என்ன வந்துச்சோ, ஒரு மூணு வருசமா எதை ஊத்துனாலும் ‘நல்லாருக்கு’. உப்பு மறந்தாலும் ‘நல்லாருக்கு’. அடிப்பிடிச்சாலும் ‘நல்லாருக்கு’. ஒருநாள் பாலு பொங்கி, வத்தி, கருகி, வீடு முழுக்க நாத்தம். நான் மாடியில துணி காயப்போட்டுட்டு ஓடியாறேன், அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து வயருக்கு ஈயம் வச்சுக்கிட்டு இருக்காவ, தலையத் தூக்கல! ‘பொண்டாட்டி எக்கேடு கெட்டா என்ன’ங்க நெனப்பு, வேற என்ன? குறை சொல்லுத புருசன்கூடப் பொழைச்சுரலாம் தங்கச்சி. எல்லாத்துக்கும் ‘நல்லாருக்கு’ங்கவன்கூடப் பொழைக்க முடியாது.

அப்பத்தான் என் டிபன் கேரியருல கை வச்சாவ. எங்கம்மா சீர் குடுத்தது. நாலு அடுக்கு, மூடியில என் பேரு வெட்டியிருக்கும். எவர்சில்வருக்குள்ள வச்சா இரைச்சல் ஏறாதாம். அடியடுக்குல ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணுன்னு மூணு பெட்டிய உள்ள இறக்கிட்டாவ. மேலடுக்கு மட்டும் காலி. அந்த மேலடுக்கோட அடியில ரெண்டு பித்தளை ஆணி, ரப்பர் வாஷர் போட்டு முடுக்கியிருந்துச்சு. விரல வச்சு ரெண்டு ஆணியையும் தொட்டா சத்தம் மாறணும்னு வச்சதாம். எனக்கு எப்பிடித் தெரியும்? ஓட்டை விழுந்திருக்கு, ஆணி வச்சு அடைச்சுக் குடுத்திருக்காவ, பரவால்ல, மனுசன் பொறுப்பாத்தான் இருக்காருன்னு நெனச்சேன்.

அன்னைக்கு எங்க மதினி கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தா. புளிக்குழம்பு கேட்டா. சூடா அந்த மேலடுக்குல ஊத்தி வச்சுட்டு சேலை மாத்தப் போனேன். அதுக்குள்ள இவுக வந்து, மூடியத் தொறக்காம, கிடாரச் சொருகி ஒரு மிதி. ஐயோ, அந்தச் சத்தத்த நான் எப்பிடிச் சொல்ல! கொதிக்க சத்தம். கிடாரு கொதிக்குது தங்கச்சி. முதல்ல கொப்புளிக்குது, பொறவு உறுமுது, பொறவு தூரத்துல யாரோ ரெண்டு பேரு சண்டை போடுத மாதிரி இழுத்துக்கிட்டே போயி அடங்குது. நான் அரைச்சேலையோட ஓடியாறேன், ஏதோ வெடிச்சுட்டுன்னு.

இவுக மூடியத் தொறந்தாவ. உள்ள குழம்பு, விரலுக்குப் பதிலா அதுதான் ரெண்டு ஆணியையும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. ஏறிட்டு என்னைப் பாத்தாவ. கண்ணு ரெண்டும் நனைஞ்சு இருக்கு. ‘வடிவு, இதுல என்ன போட்ட?’ன்னு கேட்டாவ. மூணு வருசமா என் சமையலப் பத்தி ஒரு கேள்வி கேக்காத மனுசன்! ‘எப்பவும் போடுததுதான்’னேன். ‘இல்ல, உப்பு ஏற ஏறக் கரண்டு கூட ஓடும், இதுல ஒரு கல்லு கூட’ன்னாவ. உள்ள போயி நக்கிப் பாத்தேன். ஒரு கல்லு கூடத்தான்.

அன்னைல இருந்து அடுப்படியில எனக்கு உரிமை போச்சு. எதை ஆக்குனாலும் முதக் கரண்டி கேரியருக்கு. எனக்கு இந்தக் கோட்டித்தனத்துல ஒரு ஈடுபாடும் கிடையாது, அதை இப்பவே சொல்லிருதேன். ஆனா விவரம்னு ஒண்ணு இருக்குல்லா. ரசம்னா தெளிவா இறுத்து ஊத்தணும், மண்டி கலந்தா பொரிய ஆரம்பிச்சுரும். மோர்க்குழம்பு சோம்பேறி, நீங்க மிதிச்சு அது ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் வாயத் தொறக்கும். தீயலு அடித்தொண்டையில பேசும். முருங்கக்கா மட்டும் போடப்படாது, ஆணி மேல போயிப் படுத்துக்கிட்டா சத்தம் திக்கும். கத்தரிக்கா தேவல. சூட்டுல ஒரு குரலு, ஆறுனா ஒரு குரலு. ஆகச் சிறந்தது மறுநாளுப் பழங்குழம்புதான், அது யாருக்கும் தெரியும். போன மாசம் நானே புளிய ஒரு சுளை கூட்டி வச்சேன், அந்த இழுப்பு இன்னுங் கொஞ்சம் நீளுதான்னு பாக்க. சும்மாதான். நீண்டுச்சு.

நான் சொல்ல வாரது என்னன்னா, நாக்குல வைக்க மாட்டேங்காவ! ஹால்ல உக்காந்து ரெண்டு தட்டு தட்டிட்டு அங்கன இருந்தே, ‘ஏ வடிவு, உப்பு கம்மி’ம்பாவ. ‘புளி இன்னைக்குப் புதுசா?’ம்பாவ. சரியாத்தான் இருக்கும். அதான் ஆத்திரம். ஒரு பொம்பள வேர்வை சிந்தி ஆக்குதா, அதை வாயில வச்சு நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்லாம, வயரு மாட்டிக் குறை சொன்னா ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்? அதே குழம்ப இலையில ஊத்திட்டு ‘எப்பிடி?’ன்னு கேட்டா, பழையபடி ‘நல்லாருக்கு’. கண்ணப் பாத்துச் சொல்லுததும் கெடையாது.

பொறுத்தேன். யாழினி கல்யாணம் வரைக்கும் பொறுத்தேன். போன மாசம்தான் நடந்துச்சு, மாப்பிள தென்காசி. எங்க பக்கத்துல கல்யாணத்தக்கூட மறந்துருவாவ, மறுவீட்டுச் சாப்பாட்ட மறக்க மாட்டாவ. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள வீட்டுக்காரங்களக் கூப்பிட்டு சொதி போடணும். தேங்காப் பால்ல ஆக்குததும்மா. பாசிப்பருப்பு, காய், கடைசில எலுமிச்சம்பழம். கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். அந்தச் சொதி சரியில்லைன்னா பொண்ணுக்கு ஆயுசுக்கும் பேச்சு. எங்க குடும்பத்துல ஒரு வழக்கம், இலை போடுமுன்ன பொண்ணோட அப்பா சம்பந்தி முன்னால ஒரு கரண்டி உப்புப் பாத்து ‘பந்தி வைக்கலாம்’னு சொல்லணும்.

தவசிப்பிள்ளை அணஞ்சபெருமாள் அண்ணாச்சி. சமையல்ல பெரிய கை. அண்டாவுல இருந்து ஒரு கரண்டி அள்ளி நீட்டுதாரு. இவுக உள்ளங்கையில வாங்கி வாயில விட்டாவ. நின்னாவ. மொகத்துல ஈயாடல. ‘எப்பிடி இருக்கு?’ன்னாரு அண்ணாச்சி. இவுக என்னையப் பாக்காவ, யாழினியப் பாக்காவ, சம்பந்தியப் பாக்காவ. நெத்தியில வேர்த்துக் கொட்டுது. ‘ஒரு நிமிசம்’னுட்டு விறுவிறுன்னு உள்ள போனாவ.

வெளிய வரும்போது எப்பிடி வந்தாவங்கிய? பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கழுத்துல கிடாரு! ஒரு கையில டிபன் கேரியரு, ஒரு கையில ஸ்பீக்கரு. எண்பது பேரு இலைக்கு முன்னால உக்காந்திருக்காவ. மேலடுக்குல சொதிய ஊத்திட்டு ஒரு மிதி மிதிச்சாவ பாருங்க, ஒரு சத்தமும் இல்ல. சும்மா கொசு முனங்குத மாதிரி ‘ஞீ’ன்னு ஒண்ணு. திருகுதாவ, தட்டுதாவ, குனிஞ்சு காத வைக்காவ. பொறவு நிமிந்து, ஏதோ தீர்ப்புச் சொல்லுத மாதிரி, ‘உப்பே விழல’ன்னாவ.

அண்ணாச்சி கரண்டியத் தூக்கி அண்டாவுக்குள்ளயே போட்டாரு. ‘நாப்பது வருசமாச் சட்டி பிடிக்கேன். வயரு விட்டு உப்புப் பாக்க வீட்டுல எனக்கு என்னவே சோலி?’ன்னு துண்ட உதறித் தோள்ல போட்டுட்டாரு. கடைசில சம்பந்தியே வந்து கையில வாங்கி நக்கிப் பாத்துட்டு, ‘ஆமா அண்ணாச்சி, உப்பு இல்லையே’ன்னாவ. அண்ணாச்சி கூட வந்த கையாளு ரெண்டு பேரும், இவன் போட்டிருப்பான்னு அவனும், அவன் போட்டிருப்பான்னு இவனும் இருந்திருக்கானுவ. உப்பப் போட்டு, அண்ணாச்சி கால்ல விழாத குறையா நிறுத்தி, பந்தி நடந்துச்சு. சொதி நல்லா இருந்துச்சு, எல்லாரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாவ. அப்பாவாலதான் என் மானம் பிழைச்சுச்சுன்னு யாழினி சொல்லுதா. சரி, உப்பு இல்லங்கது வாஸ்தவந்தான். அதுவா இப்பப் பேச்சு? வாயில விட்டாவல்லா, நாக்கு சொல்லாதா? எண்பது பேருக்கு முன்னால கச்சேரி வைக்கணுமா? சம்பந்தியம்மா என்கிட்ட மெதுவா வந்து, ‘ஏன் மதினி, ஒங்க வீட்டுக்காரவுக வீட்டுல சாப்பிடவே மாட்டாவளோ?’ன்னு கேட்டா. தூக்குல தொங்கலாம்னு இருந்துச்சு.

இன்னைக்குக் காலைல ஒரு வேலை செஞ்சேன். யாருகிட்டயும் சொல்லிராதிய. புளிக்குழம்பு வச்சேன். உப்பு ஒரு கல்லு போடல. ரெண்டு கை நிறையச் சீனிய அள்ளிப் போட்டேன். இன்னைக்குக் கேரியருல ஊத்தப்படாது, நேரா இலையிலதான்னு சொல்லிப்புட்டேன். எதிர்ல உக்காந்தேன். ஒரு வாயி, ரெண்டு வாயி, மூணு வாயி, ‘ஏன்’ங்கதும் இல்ல, ‘எதுக்கு’ங்கதும் இல்ல. ரெண்டாந்தடவ ஊத்தச் சொன்னாவ. ‘எப்பிடி இருக்கு?’ன்னேன். ‘நல்லாருக்கு வடிவு’ன்னாவ. என் தலையில அடிச்சுச் சொல்லுதேன் தங்கச்சி, அந்தக் குழம்ப மாடு தின்னாது! அம்புட்டுதான். பையத் தூக்கிட்டேன். ‘வாய்க்கு வாய் பொய் சொல்லுதவுகளுக்கு நான் எதுக்கு ஆக்கணும்’னு கத்திட்டு பஸ்சு ஏறிட்டேன். செல்ல அமத்தி வச்சிருக்கேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாவட்டும்.

என்ன கேக்கிய? காய்ச்சலா? யாருக்கு, அவுகளுக்கா? வந்துச்சே. கொரோனா அப்போ எங்க ரெண்டு பேருக்கும்தான் வந்துச்சு. நாக்கு போச்சுதான். எனக்கும் போச்சு, வாசமும் தெரியல, ருசியும் தெரியல. எனக்குப் பத்து நாளுல திரும்பிருச்சு. அவுகளுக்கும் வந்துருச்சும்மா. நான் கேட்டேம்லா, ‘வந்துருச்சா’ன்னு. ‘ஓ, வந்துருச்சே, ரசம் நல்லாருக்கே’ன்னாவ.

‘நல்லாருக்கே’ன்னாவ.

ஏம்மா. இருங்க. மூணு வருசம்னா… அந்தப் பாலு கருகுனது… சொதிய வாயில விட்டுக்கிட்டு அப்பிடி நின்னாவளே… ஐயோ, வேர்த்துக் கொட்டுச்சே அவுகளுக்கு. நான் பாவி, திமிருன்னுல்லா நெனச்சேன். அந்தப் போனை எடுங்க, பையில, அந்தப் பக்கத்துல. நீங்களே ஆன் பண்ணுங்க. ‘அத்தான்’னு போட்டிருக்கும் பாருங்க.

அத்தான்? நாந்தான். பஸ்சுலதான் இருக்கேன், கயத்தாறு தாண்டிட்டு. அது கெடக்கட்டும். ஒங்களுக்கு நாக்கு திரும்பி வரவே இல்லையா? அந்தக் காய்ச்சல்ல போனதுதானா? ஒண்ணுமேவா தெரியல? மூணு வருசமாவா? ஏன் என்கிட்டச் சொல்லல, நான் என்ன ஊராரா?

என்ன சொல்லுதாவ தெரியுமா தங்கச்சி? ‘எனக்கு ருசி தெரியலைன்னு சொல்லிட்டா நீ யாருக்குன்னு பாத்துப் பாத்து ஆக்குவ?’ங்காவ. ‘மக வேற போகப் போறா, பொறவு நீ ஒரு கஞ்சிய வச்சுட்டு உக்காந்துருவியேன்னு இருந்துச்சு’ங்காவ. கேட்டியளா இந்த மனுசன.

அத்தான், அது என்ன சத்தம் பின்னால? கடைக்குப் போவாம எதுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கிய?

ஐயோ தங்கச்சி. நான் கிளம்புனதுல இருந்து அந்தக் குழம்ப மாட்டி வச்சுக்கிட்டு வாசிச்சுக்கிட்டே இருக்காவளாம். நான் எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனேன்னு கண்டுபிடிக்கவாம். ‘உப்பு போடலங்கது முதத் தட்டுலயே தெரிஞ்சுட்டு வடிவு. ஆனா உப்புக்காகவா நீ பையத் தூக்குவ? வேற என்னமோ இருக்கு, எப்பிடித் திருகிப் பாத்தாலும் வரமாட்டேங்குது’ங்காவ.

சீனி அத்தான். ரெண்டு கை சீனி போட்டேன். ஒங்கள மாட்டிவிடணும்னு போட்டேன். நான் ஒரு சவம். திட்டுங்க என்னைய.

…என்னது?

சீனிக்குச் சத்தம் இல்லையாம். போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுபோலத்தான் கேக்குமாம். ‘உப்பு கேக்குது, புளி கேக்குது, இனிப்பு மட்டும் எனக்கு இனிமே இல்ல போலுக்கு’ன்னு சொல்லுதாவ. குரலு ஒடையுது அவுகளுக்கு. எனக்கும் அழுகையா வருது, நீங்க பாக்காதிய, அந்தப் பக்கம் திரும்புங்க.

அத்தான், இங்க கேளுங்க. கோவில்பட்டில இறங்கி அடுத்த பஸ்சுல வந்துருதேன். வாசிச்சது போதும், கிடாரக் கீழ வைங்க. சீனிக்குச் சத்தம் இல்லன்னா போகுது. வாய் ஓயாதவன்னு என்னைய ஊரே சொல்லுதுல்லா, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வாய்க்கும் நான் சொல்லுதேன், எம்புட்டு இனிப்புன்னு.